பேய்வீடு வாங்கியவர்கள் கவனத்துக்கு

கிளிநொச்சியில் இருந்து வட்டக்கச்சிப் பக்கம் போகிற வழியில், ஒரு குச்சொழுங்கையின் முடிவில் எங்கள் வீடு இருக்கிறது. ஓட்டோக்காரருக்கு விலாசம் சொல்ல வேண்டியதில்லை. "பேய்வீட்டடி" என்றால் கொண்டுவந்து விடுவார்கள். காசை வாங்கியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள், அது வேறு கதை.

பேய் இருந்தபடியால்தான் எங்களால் இந்த வீட்டை வாங்க முடிந்தது. அந்தப் பக்கத்தில் கால் ஏக்கர் வளவோடு கல்வீடு என்றால், ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கும் ஒரு லொறிச் சாரதியின் உழைப்புக்கும் எட்டாத விலை. இந்த வீட்டை மட்டும் கேட்டு ஒருவரும் வரவில்லை. விற்கக் கொடுத்த குடும்பம் கனடாவில். இங்கே பொறுப்பாக நின்ற உறவினர், "ஊரிலை ஒவ்வொரு கதை சொல்லுவினம், நீங்கள் காதிலை போடாதேங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் காதில் போடவில்லை. மாமி இரண்டு காதிலும் போட்டுக்கொண்டார். நான் ஒரு கொப்பியில் எழுதினேன்.

வன்னியில் பேய்வீடுகள் எப்படி உண்டாகின என்பதை வெளியூர் ஆட்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2008 இன் பிற்பகுதியில், போர் நெருங்கி வர, சனம் கிழக்கே நகரத் தொடங்கியபோது, கூரை ஓடுகளையும் சீற்றையும் கதவு யன்னலையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகிற இடத்தில் கொட்டில் போட வேண்டுமே. 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் விழுந்தபோது சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளுக்குச் சுவர் மட்டும்தான் மிச்சம். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து சனம் திரும்பி வந்தபோது, திரும்பாதவர்களின் வளவுகள் பற்றை மூடிக் கிடந்தன. சிலர் வெளிநாட்டில். சிலர் இல்லை.

அந்த வளவுகளுக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "மிதிவெடி கிடக்கும் எண்டு சொன்னால் பெடியள் பாக்கத்தானே ஓடுவாங்கள். பேய் எண்டு சொன்னம். ஒருத்தனும் போகேல்லை." எங்கள் வீட்டுப் பேயின் பூர்வீகம் அதுதான். ஒரு தாய் தன் பிள்ளைகளைக் காப்பாற்றச் சொன்ன பொய், அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது உண்மையாகிவிட்டது. அக்காவே இப்போது இரவில் எங்கள் பக்கத்து வேலியை எட்டிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தின் நயாக் என்ற ஊரில் ஒரு பேய்வீட்டு வழக்கு நடந்தது. விற்ற அம்மா தன் வீட்டில் பேய் இருப்பதாகப் பத்திரிகை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். வெளியூரில் இருந்து வந்து வாங்கியவருக்கு அது தெரியாது. 1991 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், நீங்களே ஊருக்கு அறிவித்தபடியால் சட்டத்தின் முன் அது பேய்வீடுதான் என்று சொல்லி, ஒப்பந்தத்தில் இருந்து விலக வாங்கியவருக்கு வழிவிட்டது. எங்களுக்கு விற்றவர் தரப்பு பேயை ஒளிக்கவில்லை. குசினிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத்தான் சொல்லவில்லை. அதுக்குப் பிறகு வருகிறேன்.

கொப்பியில் நான் எழுதியது நாலே விஷயம். யார் கேட்டது, வீட்டின் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எந்த மாதத்தில். "எப்பவும் கேக்கும்" என்றவர்களின் கதைகளை மரியாதையாகக் கேட்டுவிட்டு எழுதாமல் விட்டேன். மணியும் மாதமும் சொன்னவர்கள் உண்மையிலேயே ஏதோ கேட்டிருக்கிறார்கள்.

கூரைச் சத்தம் சுலபமாகப் பிடிபட்டது. பொழுதுபட்டு விளக்கு வைக்கிற நேரத்தில் தொடங்கி "டக், டக்" என்று அங்கும் இங்கும் கேட்கும், சாப்பிட்டு முடிய நின்றுவிடும். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த சீற் குளிரும்போது சுருங்கி ஆணியில் இழுபடுகிற சத்தம் அது. மழை நாளில் கேட்காது. நடுச்சாமத்தில் தொம்மென்று விழுந்து ஓடுகிற சத்தம் வேறு, அது மரநாய். சீலிங்கில் மஞ்சள் கறையும் ஒரு நாற்றமும் இருந்தன. கூரைக்குள் ஏறிப் பார்த்தபோது பாலைப்பழக் கொட்டைகள் கிடந்தன. பேய் பாலைப்பழம் தின்னாது. கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த மாமரக் கிளையை வெட்டி, கூரையின் இறப்பு விளிம்பில் இருந்த ஓட்டைகளைக் கம்பிவலையால் அடைத்தோம். அடைக்கும் முன் உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குட்டி உள்ளே அகப்பட்டால் தாய் சீற்றைப் பிரித்துவிடும்.

மின்சாரப் பேய் கொஞ்சம் ஆபத்தானது. அறைக்குள் லைற்றை நிற்பாட்டிய பிறகும் பல்ப் நீலமாக மினுங்கிக்கொண்டே இருக்கும். மாமி அந்த அறையில் படுக்கமாட்டேன் என்றுவிட்டார். இன்னொன்று குளியலறைக் குழாய். மாரி காலத்தில் தொட்டால் யாரோ கையை மெதுவாகப் பிடிப்பது போல் இருக்கும் என்று முன்னர் குடியிருந்த ஒரு பெண் சொல்லியிருந்தார். வயரிங் தெரிந்த தம்பி ஒருவர் வந்து, சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள், அதனால் சுவிட்சை நிற்பாட்டினாலும் பல்ப் வரைக்கும் கரண்ட் நிற்கிறது, எல்ஈடி என்றபடியால் அந்தச் சொற்பக் கசிவுக்கே மினுங்குகிறது என்றார். குளியலறைச் சுவருக்குள் பழைய வயரின் தோல் உரிந்து ஈரத்தில் கசிந்துகொண்டிருந்தது. எர்த் கம்பி நிலத்தில் இருந்தது. அதோடு தொடுக்க வேண்டிய வயர்தான் இல்லை. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்று போட்டு, எர்த் புதிதாக அடித்து, அந்தச் சுவர் வயரை முழுதாக மாற்றினோம். ட்ரிப் சுவிட்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை மாதம் ஒருமுறை அமத்தி விழுகிறதா என்று பாருங்கள். பழைய வீடு வாங்குகிறவர் சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற காசை முதலில் இதுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெயின்ற் அடிக்காத சுவரால் ஒருவரும் செத்ததில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சத்தம் மிஞ்சியது. குசினியில், இரவு, கார்த்திகை மார்கழியில், ஆள் நடக்கிற சத்தம். சில நேரம் ஏனம் உருள்வது போல. இதைக் கேட்டவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள், சொன்ன இடமோ ஒன்று. குடிவந்த முதல் மாரியில் நாங்களும் கேட்டோம். வீட்டுக்காரர் ரோச் லைற்றோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் படுத்தார்.

கார்த்திகை மாதம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் கனமான மாதம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது நினைவுக்கு வருவார். அந்த மாதத்தில் ஒரு குசினியில் காலடிச் சத்தம் கேட்டால் சிரிக்க எனக்கு வராது. மாமியின் தம்பி எங்கே விழுந்தார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. பேய் இருக்கிறதா இல்லையா என்ற வாதத்தை இந்த மண்ணில் யாரோடும் நான் செய்வதில்லை.

ஆனால் குசினிச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. யன்னல் மூலையில் தொடங்கி, சரிவாகக் கீழிறங்கி, மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும். வாங்கும்போதே பூசி மறைத்திருந்தார்கள். மாரியில் பூச்சு மறுபடி பிளந்தது. பூச்சில் மயிர்போல ஓடுகிற வெடிப்புகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, அவை எல்லா வீட்டிலும் உண்டு. கல் அடுக்கோடு படிப்படியாகச் சரிந்து போகிற வெடிப்பு அத்திவாரம் இறங்குவதைச் சொல்கிறது. வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதினேன். மழை ஓயும்போது வெடிப்பு என் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. நிலத்தைத் தட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் கல்லென்று கேட்டது, அடுப்படிப் பக்கம் டம் டம் என்றது.

பக்கத்து ஒழுங்கையில் உள்ள ஐயா ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். "உங்கடை குசினி இருக்கிற இடத்திலைதானே பிள்ளை பங்கர் இருந்தது. நாங்களே ஷெல்லடிக்கு அதுக்குள்ளை இருந்திருக்கிறம்."

பனங்குற்றி அடுக்கி, சேலைகளை வெட்டித் தைத்த மண்மூடைகளை மேலே போட்டு மூடிய பதுங்குகுழி. மீள்குடியேறிய பிறகு வந்தவர்கள் இடிபாட்டுக் கல்லையும் குப்பையையும் போட்டு மேலோட்டமாக மூடியிருக்கிறார்கள். அதன்பிறகு வீட்டைத் திருத்தியபோது குசினியை அந்தப் பக்கம் நீட்டிக் கட்டினார்கள். குற்றி கறையான் தின்று உக்க, மாரித் தண்ணீர் இறங்க, நிரப்பிய மண் அமர்ந்தது. சீமெந்து நிலத்துக்குக் கீழே ஒரு வெற்றிடம். அகழான் எலிகளுக்கு அதைவிட வசதியான வீடு கிடைக்காது. மழைக்கு வயல் வெள்ளம் போட எல்லாம் மேட்டுக்கு வரும், மேளத்துக்குள் ஓடுவதுபோல் அந்த நிலத்துக்குக் கீழே ஓடும்.

வன்னியில் வீடோ காணியோ வாங்குகிற எவருக்கும் நான் சொல்வது இதுதான்: அயலில் உள்ள வயதானவர்களிடம் "இந்த வளவிலை பங்கர் எங்கை இருந்தது" என்று கேளுங்கள். இருந்ததா என்று கேட்க வேண்டாம், கட்டாயம் இருந்திருக்கும். மலசலகூடக் குழி, மூடிய கிணறு, குப்பைக்கிடங்கு, எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டத் தொடங்கும் முன் கிராம சேவகரிடம் அந்தக் காணி மிதிவெடி அகற்றிய பகுதிக்குள் வருகிறதா என்று விசாரிக்க வேண்டும். ஹலோ ட்ரஸ்ட், மக் போன்ற மிதிவெடி அகற்றும் நிறுவனங்கள் எங்கள் பக்கத்தில் பல வருடம் வேலை செய்தவை. ஆனால் அவர்கள் தேடுவது ஒரு குறித்த ஆழம் வரைக்கும்தான், பங்கரின் அடி அதைவிடக் கீழே. வெட்டும்போது இரும்பு தட்டுப்பட்டால் அலவாங்கை அப்படியே வைத்துவிட்டு விலகி, இடத்தை அடையாளம் செய்து, பொலிசுக்குச் சொல்லுங்கள். இரும்பு விற்கலாம் என்று தூக்கியவர்களின் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. எலும்பு தட்டுப்பட்டாலும் அதேதான். கை வைக்காமல் அறிவிக்க வேண்டும். அது யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கிற ஆளாக இருக்கலாம்.

வேலைக்கு வந்த தம்பிமார் முதலில் மறுத்தார்கள். மாமி ஐயரைக் கூப்பிட்டு பேய் விரட்டுகிற ஒரு கழிப்பு செய்வித்த பிறகுதான் மண்வெட்டியை எடுத்தார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பயத்தோடு நிற்கிறவன் அவசரமாக வெட்டுவான், அவசரமாக வெட்டுகிற இடமில்லை அது.

நல்லகாலம், எலும்பு இல்லை. வெடியும் இல்லை. ஒரு பிளாஸ்ரிக் வாளி, செருப்புகள், நசிந்த ஒரு கேத்தில். அந்தப் பங்கருக்குள் இருந்த ஒரு அம்மா இன்னும் ஊரில் இருப்பதால், அவருடையதாக இருக்குமோ என்று கேத்திலைக் கழுவிக் கொண்டுபோனேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ரை இதைவிடப் பெரிசு" என்று திருப்பித் தந்துவிட்டார்.

உக்கிய குற்றிகளையும் இளகிய மண்ணையும் முழுக்க வெளியே எடுத்து, அரையடி அரையடியாகக் கிறவல் போட்டுத் தண்ணீர் அடித்து இடித்து இறுக்கி நிரப்பினோம். ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடுத்த மாரிக்கும் இதே கதைதான். வெடித்த மூலைக்கு, கெட்டி மண் வரைக்கும் இறங்கிக் கொங்கிறீற் தூண் எழுப்பினார் மேசன். கூரைத் தண்ணீர் அந்த மூலையில் விழாமல் பீலி போட்டோம். வீடு வாங்க ஒதுக்கிய காசில் மிஞ்சியது எல்லாம் அந்தக் குழிக்குள் போனது. விலை குறைந்து வாங்கியதன் மிச்சக் கணக்கு அங்கே சரியாகிவிட்டது.

வெட்டியபோது அகழான் வளையோடு எட்டடி விரியன் என்கிற ஒரு பாம்பும் வெளியே வந்தது. சிலர் கட்டுவிரியன் என்பார்கள். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும், அதில் புதினமில்லை. நான் இதைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இந்தப் பாம்பு இரவில் திரியும், நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களைக் கடிக்கும். கடி பெரிதாக நோகாது, தடயம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். கொஞ்ச நேரம் போக வயிற்றுநோ, கண்ணிமை விழுதல், நாக்குத் தடித்தல், மூச்செடுக்கக் கஷ்டம். "பேய் அறைஞ்சு போட்டுது" என்று ஊரில் சொல்கிற கதைகளில் எத்தனை இந்தப் பாம்போ. இரவு நன்றாகப் படுத்தவர் விடிய இப்படி எழும்பினால் பார்வை பார்க்கிறவரிடம் போகாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்தும் மூச்சு இயந்திரமும் உயிரைக் காக்கும். கட்டில் வாங்க வசதியில்லாவிட்டால், நுளம்பு வலையைக் கட்டி விளிம்பைப் பாய்க்குக் கீழே செருகிவிட்டுப் படுப்பதே பெரிய பாதுகாப்பு.

கிணற்றைப் பற்றிச் சுருக்கமாக. பாவிக்காமல் கிடந்த கிணற்றை இறைக்க, எண்ணெயில் ஓடுகிற வாட்டர் பம்மைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடக் கூடாது. புகையில் உள்ள நச்சுவாயு உள்ளேயே தங்கும், மணம் இல்லை. இறங்குகிறவர் மயங்க, தூக்கப் போகிறவரும் மயங்க, பழி கிணற்றடி முனிக்குப் போகும்.

இனிக் கடதாசி. உண்மையைச் சொன்னால் என்னை நித்திரை கொள்ளாமல் வைத்தது குசினிச் சத்தத்தைவிட இதுதான். எங்களுக்கு விற்றவர் கனடாவில் இருந்தபடியால் அற்றோணித் தத்துவத்தில்தான், அதாவது அவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரத்தில்தான், எழுத வேண்டியிருந்தது. தத்துவம் கொடுத்தவர் இறந்துபோனால் அந்தத் தத்துவமும் அதோடு முடிந்துவிடும். ஆகவே விற்பனைப் பத்திரமான உறுதியை எழுதும் நாளில் வீடியோ கோலில் அவரைக் கண்டு பேசவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பொறுப்பாளருக்குக் கோபம். பரவாயில்லை, செத்தவர் பெயரில் விற்ற வீட்டில் பேயைவிடப் பொல்லாத வழக்கு இருக்கும். தத்துவம் பதியப்பட்டதா, அதில் விற்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று நொத்தாரிசு பார்க்க வேண்டும். காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடி, ஈடு (அடமானம்) ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் காணியின் பங்குக்காரருக்கு முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை இருப்பதால், விற்றவரின் சகோதரிகள் இருவரிடமும் எழுத்தில் சம்மதம் எடுத்தோம்.

எங்களுடையது உறுதிக்காணி. வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் பெர்மிற் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அவற்றை விற்றால் அது செல்லாது, முத்திரையில் கையெழுத்து வைத்தாலும் செல்லாது. "எல்லாரும் இப்பிடித்தானே வாங்கினம்" என்பார்கள். எல்லோரும் இப்படி வாங்கியதால்தான் பிரதேச செயலகத்தில் அவ்வளவு கூட்டம். உங்களிடம் ஏற்கெனவே பெர்மிற் இருந்தால், உங்களுக்குப் பிறகு காணிக்கு உரித்தான பின்னுரித்தாளர் யாரென்று பதிந்திருக்கிறீர்களா என்று இந்தக் கிழமையே பாருங்கள். பதியாமல் போனால் முன்பு ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த சட்டத்தை 2022 இல் திருத்தினார்கள். ஆனாலும் பதிந்துவிட்டுப் போவது பிள்ளைகள் சண்டை பிடிக்காமல் இருக்க உதவும்.

ஐந்தரை இலட்சம் ரூபாய் இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டிய என் கூட்டாளி ஒருத்தி, வரைபடத்துக்கு மேலே ஒரு அறை கூடக் கட்டப்போய் நுண்கடன் எடுத்தாள். வெள்ளிக்கிழமை படலையில் கடன் தவணை வாங்க வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பிள்ளைகளோடு பின்வளவுக்குள் போய் நிற்பாள். அவளிடம் என் வீட்டுப் பேயைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருக்கும்.

குசினி வேலை நடந்த அதே மாதத்தில் மாமி வளவின் தென்கிழக்கு மூலையில், வேம்படியில், ஒரு சூலம் நட்டு வைரவர் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் விளக்கு எரிகிறது, வடைமாலையும் எப்போதாவது உண்டு. அடுத்த மாரியில் சத்தம் இல்லை. மேசன் தன் தூண்தான் காரணம் என்கிறார், மாமி வைரவர் என்கிறார், அகழானை யாரும் கேட்கவில்லை. மாமரக் கிளை திரும்பவும் கூரைக்கு வந்துவிட்டது. ஆடிக்குள் வெட்ட வேண்டும்.